‘ஊசி கேட்கலை, வேற ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க’ என்று யாராவது சொன்னால்

கேள்வி: எங்களுடையது டெல்டா பக்கம் ஒரு கிராமம். தாளடி அறுப்பு சமயத்தில் என் மாமனாரைக் காலில் பாம்பு கடித்துவிட்டது. இருட்டில் என்ன பாம்பு என்று யாரும் பார்க்கவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் வைத்துப் பார்த்து, உறையவில்லை என்று விஷமுறிவு மருந்து 10 பாட்டில் ஏற்றினார்கள். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தபோதும் ரத்தம் உறையவில்லை, கண் இமையும் சொருகியது. வாசலில் நின்ற தனியார் ஆம்புலன்ஸ்காரர், “ஊசி கேட்கலை, ரெண்டு பாம்பு கடிச்சிருக்கு, ஒவ்வொரு பாம்புக்கும் தனி ஊசி போடுற இடத்துக்குக் கூட்டிப் போறேன்” என்றார். நம்பிப் போனோம். ஆள் பிழைத்துவிட்டார், ஆனால் நகையெல்லாம் அடகில் இருக்கிறது. ஒவ்வொரு பாம்பின் விஷமும் வேறு என்றால் ஒரே மருந்து எப்படி எல்லாவற்றுக்கும் கேட்கும்? அடுத்த முறை பாம்பை அடித்து எடுத்துப் போக வேண்டுமா?

பதில்: முதலில் உங்கள் சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன், அம்மா. அரசு ஆஸ்பத்திரியில் போட்டது சரியான மருந்துதான். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அது கேட்டும் இருக்கிறது. இரண்டாவது ஆஸ்பத்திரியில் ஏற்றியதும் அதே மருந்துதான். பில்லை எடுத்துப் பாருங்கள், ‘பாலிவேலன்ட்’ என்று எங்காவது போட்டிருக்கும், பல பாம்பு விஷத்துக்கும் சேர்த்துச் செய்தது என்று அர்த்தம். நல்ல பாம்புக்கு ஒன்று, விரியனுக்கு ஒன்று என்று தனித்தனி ஊசி இந்தியாவில் எந்த மருந்துக் கடையிலும் எந்த ஆஸ்பத்திரியிலும் விற்பனையில் கிடையாது. தனி ஊசி இருக்கிறது என்று சொல்பவர் யாராக இருந்தாலும் உங்கள் நகையைப் பார்த்துத்தான் பேசுகிறார்.

சரி, விஷம் வேறு வேறு என்பது பொய்யா? இல்லை, அது உண்மை. பாம்பு விஷத்தைக் காய வைத்தால் மிஞ்சுவதில் 90 சதவீதத்துக்கு மேல் புரதம். அதுவும் ஒரே புரதம் இல்லை, ஒரு பாம்பின் விஷத்திலேயே பல பத்து வகை கலந்திருக்கும். எந்தப் புரதம் அதிகம், எது குறைவு என்பதில்தான் குடும்பத்துக்குக் குடும்பம் வித்தியாசம். நம் ஊரில் உயிரை எடுக்கிற பாம்புகள் முக்கியமாக நான்கு, அவை இரண்டு குடும்பங்களில் அடங்கிவிடும். நல்ல பாம்பும் கட்டுவிரியனும் ஒரு குடும்பம். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் இன்னொன்று. கட்டுவிரியன் பெயரில்தான் விரியன், ரத்த உறவெல்லாம் நல்ல பாம்போடுதான்.

நல்ல பாம்புக் குடும்பத்து விஷத்தில் மிகச் சிறிய புரதங்கள் நிறைய உண்டு. சங்கிலியாகக் கோத்த 60, 70 அமினோ அமிலங்கள், அவ்வளவுதான் அளவு. மூன்று விரலை விரித்தது போன்ற வடிவத்தில் மடிந்திருப்பதால் அதற்கு மூவிரல் நச்சு என்றே பெயர். நரம்பு சொல்வதைத் தசை கேட்டுக்கொள்ளும் இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். இமை தூக்க முடியாது, விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு இழுக்க முடியாது. அதே மூவிரல் வடிவத்தில் இன்னொரு வகை, நரம்பை விட்டுவிட்டுச் செல்களை உடைக்கும். நல்ல பாம்பு கடித்த இடம் கறுத்து அழுகுவதற்கு இதுவும் ஒரு காரணம். கட்டுவிரியன் விஷத்தில் கூடுதலாக ஒன்று இருக்கிறது, அது நரம்பின் நுனிக்குள்ளேயே புகுந்து அந்த நுனியை நாசம் செய்துவிடும். வீட்டில் ஃபேன் நிற்கிறது என்று வையுங்கள். நல்ல பாம்பு பிளக் பாயின்ட்டை அடைத்து வைத்திருக்கிறது, கட்டுவிரியன் ஒயரையே எரித்துவிட்டது. பாயின்ட்டை அடைத்ததை எடுத்தால் ஃபேன் ஓடும், எரிந்த ஒயரைப் புதிதாகத்தான் இழுக்க வேண்டும். அதனால்தான் கட்டுவிரியன் கடித்தவர் சில நாட்கள், சில சமயம் வாரக்கணக்கில்கூட வென்டிலேட்டரில் கிடந்து எழுந்து வருகிறார். அங்கே மேலும் மேலும் குப்பி ஏற்றிப் பிரயோஜனமில்லை, மூச்சைப் பிடித்து வைத்திருப்பதுதான் வைத்தியம்.

விரியன் குடும்பம் வேறு மாதிரி. அதன் விஷத்தில் பெரிய பெரிய நொதிகள். ஒரு வகை நொதியின் நடுவில் ஒரு துத்தநாக அணு உட்கார்ந்திருக்கும், அது ரத்தக் குழாயின் சுவரைக் கரைக்கும். கண்ணாடி விரியன் விஷத்தில் உள்ள இரண்டு புரதங்கள் ரத்தத்தை உறைய வைக்கும் பொருட்களைத் தூண்டிவிடுகின்றன. சுருட்டை விரியனில் இருப்பது அதே வேலையை வேறொரு படியில் செய்கிறது. உறைய வைக்கிறது என்றால் ஏன் ரத்தம் ஒழுகுகிறது என்று கேட்பீர்கள். உடம்பு முழுக்க நுண்ணிய அளவில் உறைந்து உறைந்து, உறைவதற்கான சரக்கு மொத்தமும் தீர்ந்துபோய்விடுகிறது, அதற்கப்புறம் ஓடுவது வெறும் தண்ணீர் மாதிரி ரத்தம். விஷத்தின் நிறத்திலேயேகூட வித்தியாசம் தெரியும். கண்ணாடி விரியன் விஷம் நல்ல மஞ்சள், கட்டுவிரியன் விஷம் பெரும்பாலும் நிறமே இருக்காது. அந்த மஞ்சளுக்குக் காரணம் ஒரு நொதியோடு ஒட்டியிருக்கும் பி2 வைட்டமின்.

இப்போது உங்கள் மாமனாரின் இமை. நரம்பு விஷம் என்றால் நல்ல பாம்பு, ரத்த விஷம் என்றால் விரியன் என்று பள்ளிப் புத்தகம் வரை எழுதி வைத்திருக்கிறோம், அதனால்தான் ஆம்புலன்ஸ்காரரும் இரண்டு பாம்பு என்று கதை கட்ட முடிந்தது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள கண்ணாடி விரியன் ரத்தத்தையும் கெடுக்கும், இமையையும் சொருக வைக்கும். அதன் விஷத்தில் உள்ள பாஸ்போலிபேஸ் என்ற நொதி நரம்பைப் பாதிப்பதுதான் காரணம். ரத்தம் உறையவில்லை, இமையும் சொருகியது என்றாலே எங்களுக்கு முதலில் தோன்றும் பெயர் கண்ணாடி விரியன். கடித்தது ஒரே பாம்புதான்.

ஒரே மருந்து எப்படி என்பது உங்கள் கேள்வி. நூறு வருஷத்துக்கு முன்னால் மருத்துவ உலகமே இதில் சண்டை போட்டது. 1890-களில் பிரெஞ்சு மருத்துவர் ஆல்பர்ட் கால்மெட் நாக விஷத்துக்கு முறிவு மருந்து தயாரித்தபோது அது எல்லாப் பாம்புக்கும் கேட்கும் என்று நம்பினார். பிரேசில் நாட்டில் வைட்டல் பிரேசில் என்ற மருத்துவர் (பெயரே அதுதான்) அப்படி நடக்காது, அந்தந்த விஷத்துக்கு அந்தந்த எதிர்மருந்துதான் வேண்டும் என்று காட்டினார். அவர் சொன்னதுதான் சரி. அதனால் நம் நாட்டில் என்ன செய்கிறார்கள் என்றால், மேலே சொன்ன நான்கு பாம்புகளின் விஷத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புரதங்களைப் பிரித்து ஒரே குப்பியில் அடைக்கிறார்கள். ஆக அந்தக் குப்பிக்குள் நான்கு மருந்து இருக்கிறது. ஒரு மில்லி லிட்டர் மருந்து நல்ல பாம்பு, கண்ணாடி விரியன் விஷத்தில் தலா 0.6 மில்லி கிராமையும், மற்ற இரண்டில் தலா 0.45 மில்லி கிராமையும் முறிக்க வேண்டும் என்பது கணக்கு. குப்பிக்கு 10 மில்லி, 10 குப்பி என்றால் கண்ணாடி விரியன் விஷம் 60 மில்லி கிராம் வரை முறியும். ஒரு கடியில் அது சராசரியாக இறக்கும் விஷமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பத்து என்ற எண்ணிக்கை அங்கிருந்து வந்தது. குழந்தைக்கும் அதே பத்துதான், ஏனென்றால் பாம்பு ஆளைப் பார்த்து அளந்து கொடுப்பதில்லை.

இந்த மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது, 1978-இல் தொடங்கியது. வயல் வரப்பில் பாம்பைப் பிடித்து வந்து, பானையில் வைத்து, வாரம் ஒருமுறை விஷம் எடுத்துவிட்டு, வயிற்றுச் செதிலில் ஒரு அடையாளம் போட்டுத் திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பாம்பின் விஷம் ஊருக்கு ஊர் மாறும் என்பதால், தமிழ்நாட்டுப் பாம்பை வைத்துச் செய்த மருந்து ராஜஸ்தானில் அவ்வளவாக எடுபடவில்லை என்று வடநாட்டு மருத்துவர்கள் புலம்புவது உண்டு. உங்களுக்கு அந்தக் கவலை குறைவு.

இனி நீங்கள் ஏமாந்த இடத்துக்கு வருகிறேன். விஷமுறிவு மருந்து ரத்தத்தில் சுற்றும் விஷத்தைப் பிடித்துக் கட்டும், அவ்வளவுதான் அதன் வேலை. தீர்ந்துபோன உறைபொருளை அது உண்டாக்காது. அதை உங்கள் மாமனாரின் ஈரல்தான் புதிதாகச் செய்ய வேண்டும், அதற்கு ஆறு மணி நேரம் பிடிக்கும். ஈறில், கடிவாயில் கசிகிற ரத்தம் அரை மணி நேரத்துக்குள் நிற்கத் தொடங்கலாம், ஆனால் குழாயில் எடுத்த ரத்தம் உறைய ஆறு மணி நேரம் பொறுக்க வேண்டும். அதனால்தான் மறு சோதனையை ஆறு மணி நேரம் கழித்துச் செய்யச் சொல்கிறார்கள். இரண்டு மணி நேரத்தில் பார்த்தால் உறையாமல்தான் இருக்கும், மருந்து நன்றாக வேலை செய்திருந்தாலும் உறைந்திருக்காது. அந்தச் சோதனையை அப்போது செய்திருக்கவே வேண்டாம், செய்தவர் உங்களுக்கு இதை விளக்கியிருக்க வேண்டும். விளக்கவில்லை. எண்பது நோயாளிக்கு ஒரு டியூட்டி டாக்டர் என்று வைத்தால் யார் விளக்குவார்கள்?

இந்த ஆறு மணி நேரம்தான் தரகர்களின் அறுவடைக் காலம். வார்டுக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருப்பார்கள், உள்ளே ஊசி போட்டாச்சா, ரத்தம் உறைஞ்சுதா என்று உங்களைவிட அக்கறையாக விசாரிப்பார்கள். ‘கேட்கலை’ என்ற ஒரு சொல் போதும், வண்டி தயார். கேஸுக்கு இவ்வளவு என்று கமிஷன். இதில் அசிங்கமான சூட்சுமம் என்னவென்றால், இரண்டு மணி நேரத்தில் கிளம்பி, ஒன்றரை மணி நேரம் வண்டியில் போய், அங்கே கட்டில் போட்டு, பணம் கட்டி, மறுபடி குப்பி ஏற்றி முடிக்கும்போது கிட்டத்தட்ட அந்த ஆறு மணி நேரம் ஆகியிருக்கும். ரத்தம் உறைந்துவிடும். பேர் புது ஆஸ்பத்திரிக்கு, வேலை செய்தது பழைய பத்துக் குப்பியும் உங்கள் மாமனாரின் ஈரலும். எல்லா ஆம்புலன்ஸ்காரரும் இப்படி என்று சொல்லவில்லை, ராத்திரி இரண்டு மணிக்கு டீசலுக்குக்கூடக் காசு வாங்காமல் ஓட்டி வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் வைத்தியம் சொல்கிற ஓட்டுநரைக் கண்டால் நகர்ந்துவிடுங்கள்.

இடம் மாற்ற உண்மையான காரணங்கள் உண்டு. மூச்சு திணறி வென்டிலேட்டர் தேவைப்பட்டு, இருக்கும் இடத்தில் அது இல்லை என்றால் மாற்ற வேண்டும். சிறுநீர் குறைந்து, கிரியாட்டினின் (சிறுநீரகம் கெடுவதைக் காட்டும் ரத்தச் சோதனை அளவு) ஏறி, டயாலிசிஸ் தேவை என்றால் மாற்ற வேண்டும், கண்ணாடி விரியன் கடியில் சிறுநீரகம் போவது சாதாரணமாக நடக்கிற விஷயம். அப்போதும் மாற்றச் சொல்ல வேண்டியது டாக்டர், சீட்டில் எத்தனை குப்பி, எத்தனை மணிக்கு ஏற்றியது என்று எழுதியிருக்க வேண்டும். அது எழுதாமல் போனால் அடுத்த இடத்தில் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், பில்லும் அப்படியே.

அந்தக் கண்ணாடிக் குழாயைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு மில்லி ரத்தம், புதிய, காய்ந்த, கண்ணாடிக் குழாய், இருபது நிமிஷம் ஆடாமல் அசையாமல் வைத்து ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாக நின்றால் உறைந்தது, ஓடினால் இல்லை. உலகத்திலேயே மலிவான சோதனை இதுதான். கண்ணாடியின் பரப்பு பட்டால்தான் உறைதல் ஒழுங்காகத் தொடங்கும், பிளாஸ்டிக்கில் வைத்தாலோ சோப்புத் தூளில் கழுவிய பழைய குழாயில் வைத்தாலோ நல்ல ரத்தமும் உறையாதது போல் காட்டும். கடிக்காத பாம்புக்கு மருந்து ஏற்ற வேண்டி வரும். இத்தனை தெரிந்தும் புதுக் குழாய் இருப்பில் இல்லை என்று ஊசி மருந்துப் பாட்டிலில் ரத்தத்தை வைத்துப் பார்க்கிற இடங்கள் இருக்கின்றன. சில ரூபாய் சமாச்சாரம், இண்டென்ட் போட்டு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்.

பாம்பை அடித்து எடுத்து வர வேண்டாம். மருந்து ஒன்றுதான் எனும்போது பெயர் தெரிந்து ஆகப்போவது கொஞ்சம்தான். பாம்பைத் தேடப் போய் இரண்டாவது ஆள் கடிபட்டு வருவது வழக்கமாக நடக்கிறது, வெட்டிய தலைகூடக் கொஞ்ச நேரம் கடிக்கும். தூரத்திலிருந்து போனில் படம் எடுக்க முடிந்தால் எடுங்கள், இல்லையென்றால் விடுங்கள். துண்டை இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், மெட்டி கொலுசு மோதிரத்தைக் கழற்றிவிட்டு, காலை அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். வழியில் பச்சிலை, பாம்புக்கல் என்று இறங்க வேண்டாம். அங்கே ‘குணமானவர்கள்’ பெரும்பாலும் சாரையும் தண்ணீர்ப்பாம்பும் கடித்தவர்கள், அல்லது விஷமே இறக்காத வெறுங்கடி. ரத்தத்தில் சுற்றும் புரதத்தைக் கையில் தடவிய சாறு ஒன்றும் செய்யாது.

பாம்பு எது என்று தெரிந்தே ஆக வேண்டிய ஒரு இடம் இருக்கிறது, அதை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். உங்களுக்கு இல்லாவிட்டாலும், தேயிலை, காபி, ரப்பர்த் தோட்ட வேலைக்குப் போகிற உறவுக்காரர்கள் யாராவது இருப்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு குழிவிரியன் உண்டு, ஒன்றரை அடிக்கு மேல் அநேகமாக வளராது, காய்ந்த இலைச் சருகோடு சருகாகக் கிடக்கும், மூக்கு நுனி மட்டும் மேல்நோக்கித் தூக்கிக்கொண்டிருக்கும். நீலகிரி, வால்பாறை, கன்னியாகுமரி மலைப்பக்கம், கேரளம் முழுக்க, இலங்கையில் இன்னும் அதிகம், அங்கே விஷப்பாம்புக் கடியில் பெரும்பங்கு இதனால்தான். இதுவும் விரியன் குடும்பம்தான், ரத்தம் உறையாமல் போகும், சிறுநீரகம் கெடும், அபூர்வமாக உயிரும் போகும். நம்முடைய பாலிவேலன்ட் மருந்து இதற்குக் கேட்காது, ஏனென்றால் குதிரைக்கு ஏற்றிய நான்கு விஷத்தில் இது இல்லை. இதைச் சுருட்டை விரியன் என்று தப்பாக அடையாளம் கண்டு, குப்பிமேல் குப்பி ஏற்றி, மருந்தின் ஒவ்வாமையை மட்டும் சம்பாதித்துக் கொடுத்த கதைகள் நிறைய. கேரள மருத்துவர்கள் இதன் கடி உயிருக்கே ஆபத்தாகலாம் என்று 2007-லேயே ஆதாரத்தோடு எழுதினார்கள். இந்த வரியை எழுதும்வரை இதற்கென்று ஒரு மருந்து நம் நாட்டு ஆஸ்பத்திரி அலமாரியில் வரவில்லை. குழு போட்டார்கள், கூட்டம் போட்டார்கள். மலைத்தோட்டத்தில் கடிபட்டவர் மட்டும் ‘மலையில் கடித்தது, சின்னப் பாம்பு’ என்று முதலிலேயே டாக்டரிடம் சொல்ல வேண்டும், படம் இருந்தால் அங்கே அது உண்மையிலேயே உதவும். இப்படிப்பட்டவருக்கு இருபது குப்பி ஏற்றியும் ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் ஆகியும் உறையவில்லை என்றால், அதுதான் ‘ஊசி கேட்கலை’ என்பதற்குச் சரியான அர்த்தம். அப்போதும் தேவை சிறுநீரகத்தைக் கவனிக்கிற ஆஸ்பத்திரி, தனி ஊசி என்ற பொய் இல்லை.

அரசு பக்கம் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2024 நவம்பரில் தமிழ்நாடு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது, மத்திய அரசு 2030-க்குள் சாவைப் பாதியாக்குவோம் என்று அதே வருடம் திட்டம் வெளியிட்டது. 2000-லிருந்து 2019 வரை இந்தியாவில் வருடத்துக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் இறந்தார்கள் என்பது ஆய்வுக் கணக்கு. நல்லது, எண்ணட்டும். ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து ஃபிரிட்ஜில் இருக்கும், ஏற்றினால் ஒவ்வாமை வந்து பழி தன் தலையில் விழுமோ என்று பயந்து முதல் குப்பியைக்கூட உடைக்காமல் ரெஃபர் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள், அந்த ஒரு மணி நேரத்தில் கட்டுவிரியன் விஷம் நரம்பு நுனிக்குள் போய்விடும், அப்புறம் எந்த மருந்தும் அதைத் திரும்பக் கொண்டு வராது. ஒவ்வாமை வரத்தான் செய்யும், அரிப்பு, தடிப்பு, மூச்சிரைப்பு. தொடையில் அட்ரினலின் போட்டு, சற்று நிறுத்தி, மறுபடி ஏற்ற வேண்டியதுதான். தோலில் துளி போட்டுப் பார்க்கும் ‘டெஸ்ட் டோஸ்’ எதையும் முன்கூட்டிச் சொல்லாது, நேரம்தான் போகும். வேண்டாம் என்று வழிகாட்டி நெறிமுறையே சொல்கிறது, இன்னும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். நீங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிற்கிறீர்கள், அறிகுறி இருக்கிறது, ரெஃபர் சீட்டு நீட்டுகிறார்கள் என்றால், “முதல் டோஸ் இங்கேயே போட்டு அனுப்புங்க டாக்டர்” என்று கேளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள்.

உங்கள் மாமனாருக்கு இப்போது செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை. கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்த சிலருக்கு மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி கெட்டு, மாதக்கணக்கில் அல்லது வருஷம் கழித்துக்கூட, காரணமில்லாத அசதி, குளிர் தாங்காமை, மீசை தாடி முடி உதிர்வது, எதைச் செய்தாலும் தலைசுற்றல் என்று வரும். வயசாகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். அப்படி ஏதாவது தெரிந்தால் டாக்டரிடம் போகும்போது பாம்பு கடித்த விஷயத்தை மறக்காமல் சொல்லுங்கள், அவராகக் கேட்க மாட்டார்.